அற்றிக்குக்குள்ள ரக்கூன்: ஓட்டைய மூட முதல் குட்டி இருக்கோ எண்டு பாருங்கோ

தம்பி, நீங்கள் கேட்டதை ரெண்டு தரம் வாசிச்சனான். ரொறன்ரோ ஸ்காபரோவில ஹைலண்ட் கிறீக் ஆத்துப் பள்ளத்தோட ஒட்டின, 1950களில கட்டின பங்களா, போன வருசம்தான் வாங்கினியள், மார்ச் கடைசியில இருந்து இரவு பத்துப் பதினொரு மணிக்கு மேல படுக்கிற அறைக்கு மேல ஆரோ நடக்கிற மாதிரிச் சத்தம், இப்ப ஒரு கிழமையா விடியப்புறம் குருவிக் குஞ்சு கத்துற மாதிரியும் கேக்குது, சொஃபிற், அதுதான் கூரை வெளியால நீட்டிக்கொண்டு நிக்கிற விளிம்பின்ர அடிப்பக்கம், அதின்ர மூலையில ஒரு ஓட்டை கிடக்கு, தெரிஞ்ச ஹாண்டிமான் ஒராள் 200 டொலர் தந்தால் நாளைக்கே தகரம் அடிச்சு மூடித் தாறன் எண்டு சொல்லுறார், குடுக்கலாமோ எண்டு கேட்டிருக்கிறியள். குடுக்க வேண்டாம். 200 கூடவோ குறையவோ எண்டதில்லை பிரச்சினை. ஏப்ரல் மாசம், குஞ்சு கத்துற சத்தம், ரெண்டும் சேந்தால் அற்றிக்குக்குள்ள, அதுதான் கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில இருக்கிற வெளிக்குள்ள, ரக்கூன் எண்ட இரவில திரியிற மிருகம் குட்டி போட்டிருக்கு எண்டுதான் நினைக்கோணும், குட்டிய உள்ள வைச்சு மூடினால் அந்தத் தாய் உங்கட கூரைய விடாது.

நான் இஞ்ச கூரை வேலை தொடங்கி இருவது வருசம் ஆகப்போகுது, முதல் ரெண்டு வருசம் இன்னொருத்தருக்குக் கீழ நிண்டனான். அப்ப ஒரு வசந்தகாலம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு பழைய வீடு, இதே மாதிரிச் சொஃபிற் ஓட்டை. பின்னேரம் போய்க் காத்திருந்து, ரக்கூன் வெளியில போனதைக் கண்ணால பாத்திட்டுத்தான் மூடினனாங்கள், அதுதான் சரியான முறை எண்டு எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தது. விடிய வீட்டுக்கார அம்மா கூப்பிட்டவ. போய்ப் பாத்தால் கூரைக்கு மேல அடிக்கிற ஷிங்கிள்ஸ் ரெண்டடி நீளத்துக்கு உரிஞ்சு கிடக்குது, உக்கின பிளைவூட் விளிம்பைப் பிச்சு எடுத்திருக்கு, நல்ல வெயில் ஏறியும் அந்தத் தாய் கூரையை விட்டுப் போகேல்லை, எங்களைக் கண்டும் ஓடேல்லை. நான் ஏணியில நிண்டு அடிச்ச தகரத்தைக் கழட்டேக்க, மற்றப் பக்கத்தில அது பிச்ச ஓட்டைக்குள்ளால கைய விட்டுத் துலாவிக்கொண்டு இருந்தது, கறுப்புத் தோல், அஞ்சு விரல், சின்னப் பிள்ளை இருட்டில சுவரைத் தடவுற மாதிரி ஒவ்வொரு ஆணித் தலையையும் தொட்டுத் தொட்டுப் பாக்குது. உள்ள நாலு குட்டி, கண் திறக்கேல்லை, முகத்தில கறுப்புக் கோடு இப்பத்தான் லேசா விழுந்திருக்கு. ஒண்டு குளிர்ந்துபோய்க் கிடந்தது. மற்ற மூண்டையும் அது ஒண்டொண்டாப் பிடரியில கவ்விக்கொண்டு போனதை நாங்கள் கீழ நிண்டு பாத்தனாங்கள். அதுக்குப் பிறகு மார்ச்சில இருந்து ஜூன் வரைக்கும் ஆர் கூப்பிட்டாலும் முதல் கேள்வி குட்டி இருக்கோ எண்டதுதான்.

உங்கட வீடு ஏன் அதுக்குப் பிடிச்சுது எண்டதை விளங்கிக்கொண்டால் மிச்சம் எல்லாம் லேசா விளங்கும். ரொறன்ரோ நகரத்தின்ர நிலத்தில கிட்டத்தட்ட 17 வீதம் இந்த ஆத்துப் பள்ளங்கள்தான், ரூஜ், ஹைலண்ட் கிறீக், டொன், ஹம்பர் எண்டு எல்லாம் ஏரிக்கு இறங்குது. ரக்கூனுக்குத் தண்ணிக்கரை எண்டால் சாப்பாட்டு மேசை மாதிரி, தவளை, நண்டு போல இருக்கிற கிறேஃபிஷ், சின்ன மீன் எல்லாத்தையும் கைய விட்டுத் துலாவித்தான் பிடிக்கும். ரக்கூன் எண்ட பேரே வேர்ஜீனியாப் பக்கத்துப் பவ்ஹற்றன் ஆதிக்குடி மக்களின்ர சொல்லில இருந்து வந்தது, கையால தேய்க்கிறது, சுரண்டுறது எண்ட மாதிரிக் கருத்து. அப்பிடிப்பட்ட கை ஒரு கூரையில எது இறுக்கம், எது தளர்வு எண்டு நாங்கள் டோர்ச் அடிச்சுப் பாக்கிறதை விட வடிவா அறிஞ்சுபோடும். முந்தி அது குட்டி போட்டது பெரிய பொந்து மரங்களுக்குள்ள, உங்கட அற்றிக் அதுக்கு ஒரு பெரிய பொந்து மரம், வெளியில குளிர், உள்ள வெதுவெதுப்பு, மெத்தை மாதிரி இன்சுலேஷன், பக்கத்திலயே ஆறு. ஊரில மரநாய் ஓட்டுக்கு மேல ஓடி, முகட்டுக்குள்ள குட்டி போட்டு, அம்மம்மாவை நித்திரை கொள்ள விடாமல் வைச்சிருந்தது ஞாபகம் இருக்கிற ஆக்களுக்கு இது புதுக் கதை இல்லை, ஆனால் இது மரநாயை விடப் பாரம், 6 இல இருந்து 10 கிலோ வரைக்கும் சாதாரணமா வரும், பலமும் கூட.

பழைய வீடு எண்டதுதான் மற்றப் பாதி. அந்தக் காலத்துப் பங்களாக்களில சொஃபிற் பலகை, அதுக்கு மேல பிறகு ஆரோ அலுமினியம் சுத்தியிருப்பினம், வெளியால பாக்கப் புதுசு மாதிரி இருக்கும், உள்ள பலகை உக்கிப்போய் ஆணி பிடிக்காது. பீலி அடைச்சுத் தண்ணி நிரம்பி வழிஞ்சால் பீலிக்குப் பின்னால இருக்கிற பலகைதான் முதல் உக்கிறது. பேந்து, பிறகு கட்டிச் சேத்த அறையின்ர கூரை பழைய கூரையின்ர சொஃபிற்றை முட்டுற இடம் ஒண்டு இருக்கும் பாருங்கோ, உங்களுக்கும் பின்பக்கம் அப்பிடி ஒரு அறை சேத்திருந்தால் ஓட்டை பெரும்பாலும் அங்கதான். கீழ்க்கூரையில வசதியா நிண்டுகொண்டு முதுகால மேல தள்ளும், சொஃபிற் கழண்டிடும். அடுத்தது கூரையில இருக்கிற பிளாஸ்ரிக் வென்ற் மூடி, வெயிலும் பனியும் பட்டு பொருபொருத்துப் போயிருக்கும், ஒரு இழுவையோட உடையும். மூடி போடாத செங்கல் சிமினி எண்டால் கேக்கவே வேண்டாம். மேல ஏற அதுக்கு மரம்தான் வேணும் எண்டில்லை, பீலிக் குழாய், செங்கல் மூலை எல்லாத்தாலயும் ஏறும், எண்டாலும் கூரைக்கு மேல நீட்டிக்கொண்டு நிக்கிற கொப்பை வெட்டிவிடுங்கோ.

சத்தத்தை வைச்சு ஆள் ஆரெண்டு கண்டுபிடிக்கிறது கஷ்டமில்லை. பகல்ல, அதுவும் விடிஞ்ச உடன குடுகுடு எண்டு ஓடினால் அணில். இரவு முழுக்கச் சுவருக்குள்ள மெல்லிசாச் சுரண்டினால் எலி. இருட்டினாப் பிறகு ஒரு ஆள் நடக்கிற மாதிரி, பாரமான, அவசரமில்லாத அடி கேட்டு, பேந்து விடியப்புறம் திரும்பி வாற சத்தமும் கேட்டால் ரக்கூன். அதோட குருவி மாதிரி, சிலவேளை பூனைக்குட்டி அழுகிற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் ஒரே இடத்தில இருந்து வந்தால் அங்கதான் குட்டி. எந்த அறைக்கு மேல, எந்தச் சுவர்ப் பக்கம் எண்டு ஒரு துண்டில எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ, வாற ஆளுக்கு அது பெரிய உதவி.

இப்ப காலக்கணக்குக்கு வருவம். இஞ்ச அதுகள் சேர்றது ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும், வயித்தில 63 நாள் அளவில, அப்ப குட்டி கூடுதலா ஏப்ரலை ஒட்டித்தான், ஒரு ஈத்துக்கு மூண்டு நாலு அஞ்சு. தகப்பன் ஒண்டுக்கும் வராது, எல்லாம் தாய்தான். மூண்டு கிழமையில கண் திறக்கும், எட்டுக் கிழமை வரைக்கும் அதுகள் அந்தப் பொந்தை விட்டு வெளிக்கிடாது, அதுக்குப் பிறகுதான் தாய்க்குப் பின்னால இரவில நடக்கத் தொடங்கும். உங்கட குட்டிகள் இப்ப பிறந்ததெண்டால் ஜூன் நடுப்பகுதியில தாங்களா நடக்கும். உங்களால பொறுக்க ஏலுமெண்டால், கூரைக்குப் பெரிய சேதம் இல்லையெண்டால், கரண்ட் வயர் ஒண்டும் கடிபடேல்லையெண்டால், அதுவரை விடுறதுதான் நான் என்ர வீட்டுக்குச் செய்யிற வேலை. ஆனா நீங்கள் மாமா மாமி அந்த அறையிலதான் படுக்கினம், நித்திரை இல்லை எண்டு எழுதியிருக்கிறியள், அதால ரெண்டாவது வழியச் சொல்லுறன்.

தாய்க்கு எப்பவும் இந்த ஒரு இடம் மட்டும் இல்லை, பள்ளத்துக்குள்ள, பக்கத்து வீட்டு டெக்குக்குக் கீழ, பழைய ஷெட்டுக்குள்ள எண்டு வேற ரெண்டு மூண்டு இடம் பாத்து வைச்சிருக்கும். இந்த இடம் இனிப் பாதுகாப்பில்லை எண்டு அதுக்கு விளங்கப் பண்ணினால் தானாக் குட்டியக் கவ்விக்கொண்டு போகும். அதுக்கு அற்றிக் வாசல் மூடியத் திறந்து ஒரு பிரகாசமான லைற் தொங்கவிட்டு இரவும் பகலும் எரியவிடுங்கோ, ஒரு ரேடியோவில ஆக்கள் கதைக்கிற நிகழ்ச்சி, பாட்டு இல்லை, மனிசக் குரல்தான் அதுக்குப் பயம், போட்டு விடுங்கோ. வினாகிரி நனைச்ச துணிய ஒரு ஏதனத்தில வைச்சு வாசலோட வைக்கலாம். அமோனியா வைக்கச் சொல்லிச் சிலபேர் சொல்லுவினம், அதை வைக்காதேங்கோ, அசைய ஏலாத குட்டியின்ர நெஞ்சு அந்த ஆவியத் தாங்காது, உங்கட மாமியின்ர நெஞ்சும் தாங்காது. அந்துருண்டையும் அப்பிடித்தான். இதெல்லாம் செய்து மூண்டு நாலு இரவு பொறுக்கோணும், ஒரு இரவில நாலு குட்டியும் மாறும் எண்டில்லை, மழை பெய்தால் பிந்தும். தாய் குட்டியோட இருக்கேக்க நீங்கள் அற்றிக்குக்குள்ள ஏறிப் போகாதேங்கோ, வழமையா ஓடுற மிருகம் அந்த நேரம் ஓடாது.

மூண்டாவது வழி, இந்த வேலைக்கெண்டே இருக்கிற ஆக்களைக் கூப்பிடுறது. நல்ல ஆக்கள் செய்யிறது இப்பிடித்தான் இருக்கும், முதல் அற்றிக்குக்குள்ள ஏறிக் குட்டியத் தேடிக் கையுறையோட எடுத்து, சூடு குடுக்கிற ஒரு பெட்டிக்குள்ள போட்டு, அந்தப் பெட்டிய ஓட்டைக்குப் பக்கத்திலயே கூரையில வைப்பினம். ஓட்டையில ஒரு வழிக் கதவு, வெளியில போகலாம் உள்ள வர ஏலாது. தாய் இரவு வெளியில வந்து, பெட்டியில குட்டியைக் கண்டு, ஒண்டொண்டாத் தூக்கிக்கொண்டு போகும். குட்டியைத் தேடாமல் ஒரு வழிக் கதவை மட்டும் பூட்டுற ஆள் எண்டால் உங்கட ஹாண்டிமானுக்கும் அவருக்கும் வித்தியாசம் இல்லை. அதால விலை கேக்க முதல் இதைக் கேளுங்கோ: குட்டி இருந்தால் என்ன செய்வியள்? "கூட்டில பிடிச்சுக்கொண்டு போய்த் தூரத்தில காட்டுக்குள்ள விடுவம்" எண்டு மறுமொழி வந்தால் ஃபோனை வையுங்கோ. ஒன்ராறியோ விதிப்படி பிடிச்ச இடத்தில இருந்து 1 கிலோமீற்றருக்குள்ள, 24 மணித்தியாலத்துக்குள்ள விடோணும், ஏனெண்டால் நோயை ஒரு இடத்தில இருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டு போகக் கூடாது, தெரியாத இடத்தில விட்ட மிருகமும் கனநாள் தப்பாது. உங்கட தெருவில உள்ளதைப் பிடிச்சாலும் அடுத்த வருசம் அந்தப் பள்ளத்தில இருந்து இன்னொண்டு அதே ஓட்டையால வரும், ஓட்டைதான் வாடகைக்குக் கிடக்குது. சிற்றிக்கு 311 அடிச்சால் காயப்பட்ட, வருத்தம் வந்த மிருகத்துக்கு வருவினம், சுகமா உள்ள ரக்கூனை வீட்டுக்குள்ள இருந்து எடுத்துத் தர வரமாட்டினம். ஆலோசனை வேணுமெண்டால் ரொறன்ரோ வைல்ட்லைஃப் சென்ரரைத் தொடர்பு கொள்ளுங்கோ, தாய் திரும்பி வராத குட்டி எண்டாலும் அவையிட்டத்தான் கேக்கோணும், நீங்களாப் பால் பருக்காதேங்கோ.

எல்லாம் போட்டுது எண்டு எப்பிடி அறியிறது எண்டால், பேப்பரைக் கசக்கி ஓட்டையில லேசாச் செருகிவிடுங்கோ. உள்ள இருக்கிறது வெளிக்கிட்டாலும் வெளியில நிக்கிறது உள்ளிட்டாலும் பேப்பர் விழும். மூண்டு இரவு அசையாமல் இருந்து, உள்ள சத்தமும் இல்லையெண்டால் மூடலாம். இது இந்தச் சீசனுக்குத்தான், கடுங்குளிர் ஜனவரியில அதை நம்பாதேங்கோ, அப்ப ரக்கூன் நாள்க்கணக்கா அசையாமல் சுருண்டு கிடக்கும்.

மூடுற வேலை எண்டால் தயவுசெய்து நல்லாச் செய்யுங்கோ. கோழிக்கூட்டுக்கு அடிக்கிற மெல்லிசுக் கம்பி வலை வேண்டாம், அது கையாலயே பிரிச்சுப்போடும், ஃபோம் அடிச்சு மூடினது கேக் மாதிரிக் கழண்டு வரும். அரை இஞ்சிக் கண் உள்ள, 16 கேஜ் தடிப்பு, வெல்ட் பண்ணின, கல்வனைஸ் பண்ணின வலை வாங்குங்கோ. முதல் உக்கின பலகையை எல்லாம் வெட்டி எடுத்துப் புதுப் பலகை வைச்சு, பிறகுதான் அதுக்கு மேல வலை, ஆணி இல்லை, வாஷர் போட்ட ஸ்குறூ. உக்கின பலகையில என்ன அடிச்சாலும் அது நிக்காது, இதைத்தான் அவசரத்தில எல்லாரும் விடுறது. கூரை வென்ற்றுகளுக்கு மேல இரும்பு வலைக் கூடு, சிமினிக்கு மூடி. ஓட்டை ஒண்டுதான் எண்டு நினைச்சு அதை மட்டும் செய்யாதேங்கோ, வீட்டைச் சுத்தி நாலு மூலையும் பாருங்கோ, ஒரு வாசல் பூட்டினால் அது அடுத்த தளர்ந்த இடத்தைத்தான் தடவும், நாலு இஞ்சி இடைவெளி கிடைச்சால் காணும். டெக்குக்குக் கீழயும் செய்யிறதெண்டால் வலையை ஒரு அடி ஆழத்துக்கு மண்ணுக்குள்ள இறக்கி, அடியில இன்னொரு அடி வெளிப்பக்கமா மடிச்சு மண் போடோணும், தோண்டிக்கொண்டு வந்து வலையில முட்டி விட்டிட்டுப் போயிடும்.

பிறகு அற்றிக் துப்பரவு. இதில நான் கொஞ்சம் கடுமையாச் சொல்லுவன், ஏனெண்டால் வீட்டில சின்னப் பிள்ளையள் இருக்கினம். ரக்கூன் ஒரே இடத்தில திரும்பத் திரும்ப மலம் கழிக்கும், அதில ஒரு வட்டப்புழுவின்ர முட்டை இருக்கலாம், ரெண்டு தொடக்கம் நாலு கிழமையில அது தொற்றுற நிலைக்கு வரும், பிறகு வருசக்கணக்கா மண்ணில கிடக்கும். மனிசருக்கு வாறது குறைவு, வந்தால் மூளைக்கும் கண்ணுக்கும் போகும், கைய வாயில வைக்கிற பிள்ளையளுக்குத்தான் ஆபத்துக் கூட. பிளீச் அந்த முட்டையைக் கொல்லாது. கொதிதண்ணிதான் கொல்லும். டெக்கில, ஷெட் கூரையில எண்டால் கையுறை, N95 மாஸ்க் போட்டு, ஈரமாக்கி, அள்ளிப் பையில கட்டி, அந்த இடத்துக்குக் கொதிதண்ணி ஊத்துங்கோ. காய்ஞ்சதைக் கூட்டாதேங்கோ, தூசி கிளம்பும். அற்றிக்கில எண்டால் இன்சுலேஷனோட சேத்து எடுக்கோணும், ஆனா உங்கட வயசு வீட்டில அதுக்கு முதல் இன்னொண்டு பாக்கோணும்: இன்சுலேஷன் சாம்பலும் மண்ணிறமும் கலந்து, மினுங்குற சின்னக் கல்லு மாதிரி, அடுக்கடுக்கா இருந்தால் அது வேர்மிகியூலைற். 1990 க்கு முதல் போட்டதில அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கலாம், மொன்ரானாவில இருந்த லிபி சுரங்கத்துச் சரக்கு அப்பிடித்தான் வந்தது. அதைத் தொடாமல், வக்கும் பிடிக்காமல், ரெஸ்ற் செய்விச்சுப்போட்டு மிச்சத்தை யோசியுங்கோ. இன்சூரன்ஸ் சில பொலிசியில ரக்கூன் சேதம் இல்லை எண்டு எழுதியிருப்பினம், சிலதில குடுப்பினம், புறோக்கரிட்ட எழுத்தில கேளுங்கோ, அதுக்கு முதல் படம் எடுத்து வையுங்கோ.

விசர்நாய் வியாதி பற்றி மாமா பயப்பிடுறார் எண்டு எழுதினியள். 2015 டிசம்பரில ஹமில்டனில ரக்கூன் வகை றேபீஸ் கனவருசத்துக்குப் பிறகு திரும்பி வந்தது உண்மை, மாகாண அரசு தடுப்பு மருந்து வைச்ச இரையைப் போட்டுக் கட்டுப்படுத்தினது. பகல்ல ஒரு ரக்கூனைக் கண்டால் உடன றேபீஸ் எண்டு நினைக்க வேண்டாம், பால் குடுக்கிற தாய் பகல்லயும் சாப்பாடு தேடும். தள்ளாடி நடந்தால், ஆக்களைக் கண்டும் விலகாமல் மயங்கி நிண்டால் கூடுதலா டிஸ்ரெம்பர் எண்ட வேற நோய், அது நாய்க்குத் தொற்றும், மனிசருக்கு இல்லை, எண்டாலும் கிட்டப் போகாமல் 311 அடியுங்கோ. கடிச்சால், பிறாண்டினால், 15 நிமிசம் சவுக்காரமும் தண்ணியும் போட்டுக் கழுவி அண்டைக்கே டொக்டரிட்டப் போங்கோ, நாளைக்குப் பாப்பம் எண்ட கதை இல்லை. நாய் வைச்சிருந்தால் ஊசி எல்லாம் போட்டிருக்கோ எண்டு பாருங்கோ.

சாப்பாட்டு விசயமும் ஒண்டு சொல்லோணும். 2016 இல இருந்து சிற்றி குடுத்த, சாப்பாட்டுக் கழிவு போடுற கிறீன் பின்னுக்குப் பிடியத் திருப்பிப் பூட்டுற பூட்டு இருக்குது, அந்தப் பூட்டைத் திருப்பாமல் வைச்சால் பழைய பின்னுக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்லை. மீன் வெட்டின நாள் செதிலையும் குடலையும் உடன பின்னில போடாமல் பையில கட்டி ஃபிறீசரில வைச்சு, எடுக்க வாற அண்டு விடியப் போடுங்கோ. மாமி சனிக்கிழமை காகத்துக்குச் சோறு வைக்கிறவ எண்டால் அவவோட பக்குவமாக் கதையுங்கோ, காகம் தின்ன மிச்சத்தை இரவு ரக்கூன்தான் வந்து துடைக்கிறது, 2023 ஏப்ரலில இருந்து காட்டு மிருகங்களுக்குச் சாப்பாடு வைக்கிறது ரொறன்ரோவில தடையும் கூட. என்ர அம்மா இப்ப படையலைச் சாமியறையில வைச்சுப்போட்டுத் தானே சாப்பிடுறா, அவவுக்கு முதல் மனவருத்தம்தான். பேஸ்மென்ற்றில வாடகைக்கு இருக்கிற ஆக்கள் ஆரும் இதை வாசிச்சால், ஒன்ராறியோவில வீட்டைத் திருத்தி வைச்சிருக்கிறது வீட்டுச் சொந்தக்காரற்ர பொறுப்பு, எழுத்தில அறிவியுங்கோ.

இப்ப நீங்கள் இண்டைக்குச் செய்ய வேண்டியது ஒண்டுதான். ஹாண்டிமானுக்கு இப்ப வர வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு, இருட்ட முதல் பின்வளவில ஒரு கதிரையப் போட்டு, அந்தச் சொஃபிற் மூலையப் பாத்துக்கொண்டு இருங்கோ, ஃபோன் கமராவைத் தயாரா வைச்சிருங்கோ. அது வெளியில வந்து மூலையால இறங்கேக்க வயித்துப் பக்கம் வடிவாத் தெரியும். முலைக்காம்பைச் சுத்தி மயிர் உதிர்ந்து, காம்பு புடைச்சுக்கொண்டு நிண்டால் குட்டி உள்ளதான். படத்தைப் போட்டு விடுங்கோ, நான் பாத்திட்டு லைற்றையும் ரேடியோவையும் எங்க வைக்கிறதெண்டு சொல்லுறன்.